சிறு கடைக்குத் திட்டத்தில் இடம் வேண்டும்

சென்னைப் பெருநகரின் இரண்டாவது முழுமைத் திட்டம் 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அது கணக்கில் கொண்ட காலம் 2026 வரை. அன்று 1,189 சதுர கி.மீ. ஆக இருந்த பெருநகரப் பகுதி, 2022-ல் 5,904 சதுர கி.மீ. ஆக விரிக்கப்பட்டது. ஆகவே மூன்றாவது திட்டத்தில் எழுதப்படும் விதிகள் மயிலாப்பூரையும் பெரம்பூரையும் தாண்டி, இன்று வயலாகவும் மனைப்பிரிவாகவும் கிடக்கும் ஊர்களின் நாளைய தெருக்களையும் தீர்மானிக்கும். மேம்பாலம், மெட்ரோ என்ற பெரிய பேச்சுகளுக்கிடையே காணாமல் போகும் ஒன்றை இங்கே வலியுறுத்துகிறோம். எந்தக் குடியிருப்புத் தெருவிலும், தரைத்தளத்தில், 30 சதுர மீட்டருக்குள் - சுமார் 320 சதுர அடி - நடக்கும் கடைக்குத் திட்ட அனுமதியோ பயன்பாட்டு மாற்றமோ கேட்கக் கூடாது. உள்ளாட்சியில் பதிவு செய்தாலே போதும் என்றாக்க வேண்டும். அந்தப் பரப்பைத் தாண்டினால், எவ்வளவு செல்வாக்குள்ளவருக்கும் விலக்கு கூடாது.

இப்போதைய விதிகள் சிறு கடைக்குப் பகை என்று சொல்ல முடியாது. முதன்மைக் குடியிருப்பு மண்டலத்திலும் அன்றாடத் தேவைக்கான சிறு கடைகளுக்கு இடமுண்டு. ஆனால் இன்னின்ன கடை என்று பெயர் சொல்லி அனுமதிக்கும் முறை சீக்கிரமே பழசாகிவிடும். டெல்லியைப் பாருங்கள். குடியிருப்புகளில் விதிமீறி நடந்த வணிகத்துக்குச் சீல் வைக்கும்படி உச்ச நீதிமன்றம் 2006 பிப்ரவரியில் உத்தரவிட்டது. நகரமே கொந்தளித்தது, செப்டம்பரில் சீலம்பூர் துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் போயின. 2007 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட டெல்லி முழுமைத் திட்டம், வீடுகளின் தரைத்தளத்தில் 20 சதுர மீட்டர் வரையிலான சிறு கடைகளை ஏற்றது. மளிகை, மருந்து, தையல், மாவு மில் எல்லாம் கொண்ட அதன் பட்டியலில் எஸ்.டி.டி. பூத்தும் ஃபேக்ஸ் கடையும் சைபர் கஃபேயும்கூட இருக்கின்றன. இன்று அவற்றை யார் தேடுகிறார்கள்? பரப்பை வரையறுத்தது நல்ல யோசனை. சரக்கைப் பட்டியலிட்டதோ, பத்தே ஆண்டில் காலாவதியாகும் வேலை. பட்டியலில் இல்லாத தொழிலைத் தொடங்குபவர் முதல் நாளிலிருந்தே விதிமீறியவராகிவிடுவார். யாருக்காவது ‘கவனித்து’த்தான் கடையைத் திறந்து வைத்திருக்க வேண்டியிருக்கும்.

ஜப்பான் இதை எளிமையாகக் கையாள்கிறது. உயரம் குறைந்த வீடுகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட, அந்நாட்டின் மிகக் கண்டிப்பான குடியிருப்பு மண்டலத்திலும், கடைப்பகுதி 50 சதுர மீட்டருக்குள்ளும் கட்டடத்தின் பாதிக்குள்ளும் அடங்கினால் கடையோடு வீடு கட்டலாம். அடுத்த படி மண்டலத்தில் 150 சதுர மீட்டர் வரை கடை வரலாம். இதனால் டோக்கியோவின் உள்தெருக்கள் சந்தைக்கடையாகிவிடவில்லை.

குடியிருப்போரின் முக்கிய அச்சம், இன்று பெட்டிக்கடையை விட்டால் நாளை ஜவுளிக்கடை வந்துவிடும் என்பது. தியாகராய நகரைப் பார்த்தவர்கள் இந்த அச்சத்தை அலட்சியப்படுத்த முடியாது. ஆனால் அந்தச் சீரழிவுக்கு வழிவிட்டது எது? 1998-ல் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ பிரிவு நுழைக்கப்பட்டு, விதிமீறிய கட்டடங்கள் பணம் கட்டி வரன்முறை பெற வழி திறந்தது. ஒரே ஒரு முறைக்கான சலுகை என்பதால் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. அரசோ அதைத் திரும்பத் திரும்ப நீட்டித்தது. அந்த நீட்டிப்புகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2006-ல் ரத்து செய்ய வேண்டிவந்தது. பல மாடி அங்காடிகளுக்காக வளைந்த சட்டத்தின் பழியை அண்ணாச்சி கடையின் மீது போடுவது நியாயமல்ல. வாகன நெரிசல் என்ற வாதமும் அளவைப் பொறுத்ததே: 320 சதுர அடிக் கடைக்குப் பெரும்பாலும் நடந்துதான் வருவார்கள். அந்தக் கடை இல்லையென்றால்தான் ஒரு பாக்கெட் பாலுக்கும் வண்டியை எடுக்க வேண்டும். வண்டி ஓட்ட இயலாத முதியவர்கள் என்ன செய்வார்கள்? 2011 கணக்கெடுப்பிலேயே தமிழக மக்களில் பத்தில் ஒருவர் 60 வயதைக் கடந்தவர். டீக்கடை வாசல் கூட்டம், இரவுச் சத்தம், எண்ணெய்ப் புகை, குப்பை ஆகியவை குறித்த புகார்கள் நியாயமானவை. அவற்றுக்கு மூடும் நேரம், சத்தம், புகை, தீத்தடுப்பு பற்றிய நிபந்தனைகளை விதித்து, மீறினால் பதிவை ரத்து செய்யலாம்.

கடையே வேண்டாம் என்று வரைபடத்தில் எழுதினால் கடை வராமல் இருக்காது. நகருக்குள்ளிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களுக்காகப் பெரும்பாக்கத்தில் எழுப்பப்பட்ட அடுக்குமாடிகளில், தரைத்தள வீட்டின் ஜன்னலே பலருக்குக் கடை. பிழைப்புக்கு வழியில்லாத இடத்துக்கு மக்களை அனுப்பிவிட்டு, அவர்கள் அங்கே போட்ட கடையை விதிமீறல் என்பது கொடுமை. இதற்கிடையே, பத்து நிமிடத்தில் பொருள் கொண்டுவரும் நிறுவனங்களின் கிடங்குகள் குடியிருப்புத் தெருக்களுக்குள் வந்துகொண்டிருக்கின்றன. வாசலில் எந்நேரமும் இருசக்கர வாகனங்கள், உள்ளே சரக்கு லாரி. வாடிக்கையாளர் நுழைய முடியாத அந்தக் கட்டடங்களைக் கடை என்ற வகையில் சேர்க்கவே கூடாது. அவற்றைக் கிடங்கு என்றே வகைப்படுத்தி, குடியிருப்பு மண்டலத்துக்கு வெளியே அகலமான சாலைகளில் இடம் ஒதுக்க வேண்டும். சிறு கடைக்கான விதியோடு சேர்த்தே இதையும் மூன்றாவது திட்டத்தில் எழுதிவிடுவது நல்லது. தனித்தனியாக விட்டால், எளியவருக்கென்று திறக்கும் வாசல் வழியாகக் கிடங்குகள்தான் முதலில் நுழையும்.