சிறுமலைக்கு கார் எடுக்கறீங்களா? முதல்ல பாலிசி தேதியைப் பாருங்க!

திண்டுக்கல்லிலிருந்து சிறுமலைக்கு 18 கொண்டை ஊசி வளைவுகள். வீக் எண்டில் கிளம்பும்போது பெட்ரோல், பிளேலிஸ்ட் எல்லாம் செக் பண்றோம். இன்ஷூரன்ஸ்?

வளைவில் எதிரே வந்த பைக் மேல நம்ம கார் மோதிடுச்சுன்னு வெச்சுக்கோங்க. அடிபட்டவருக்கு இழப்பீடு தருவது 'தேர்டு பார்ட்டி' இன்ஷூரன்ஸ். 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி இது கட்டாயம். நம்ம கார் ரிப்பேருக்கு இதில் பைசா வராது.

அடிபட்டவரின் வயது, வருமானம், காயத்தின் தன்மையைப் பார்த்து தீர்ப்பாயம் தொகையை முடிவு செய்யும். காயம், உயிரிழப்புக்கு உச்சவரம்பே கிடையாது. அடுத்தவர் பொருள் சேதத்துக்கு மட்டும் 7.5 லட்சம் ரூபாய் வரம்பு.

பாலிசி காலாவதியாகியிருந்தா? மொத்தத் தொகையும் கார் உரிமையாளர் தலையில்தான். லைசென்ஸ் இல்லாத ஃப்ரெண்டிடம் தெரிஞ்சே சாவியைக் கொடுத்திருந்தாலும் சிக்கல்தான். இன்ஷூரன்ஸ் நிறுவனம் அடிபட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துட்டு, நம்மகிட்ட வசூலிக்கலாம்.

2018 செப்டம்பரிலிருந்து புது காருக்கு 3 வருஷம், பைக்குக்கு 5 வருஷம் தேர்டு பார்ட்டி சேர்த்தே வாங்கணும். அது முடியற தேதிதான் மறந்துபோகும். இன்ஷூரன்ஸ் இல்லாம முதல் முறை சிக்கினா 2,000 ரூபாய் அபராதம். அதைக் கட்டிடலாம். ஒரு குடும்பத்துக்குத் தர வேண்டிய பல லட்சத்தை எங்கே போய்ப் புரட்டுவீங்க?