நேர்முகப் பரீட்சையா? பிறவிப் பரீட்சையா?

என்ஜினீயர் உத்தியோகத்திற்குப் பரீட்சையே கூடாதென்று நாம் சொல்ல வரவில்லை. பாலம் கட்டுகிறவனுக்குப் பாலம் கட்டத் தெரியத்தான் வேண்டும். தெரியாதவன் கட்டினால் இடிந்து விழுவது நம் தலையில்தானே! ஆனால், கணக்கும் படமும் போட்டுத் தேறி வந்தவனை ஓர் அறைக்குள் அழைத்து, "உன் தகப்பன் யார், ஊர் எது?" என்று கேட்டால், அதற்கும் பாலத்திற்கும் என்ன சம்பந்தம்? நம் நாட்டில் அக்கேள்விகளின் அர்த்தம் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்.

இது நாம் கட்டிவிட்ட கதையல்ல. ஸ்ரீநகர் ரீஜினல் என்ஜினீயரிங் காலேஜில் 1979-ல் பிள்ளைகளைச் சேர்க்க எழுத்துக்கு 100 மார்க்கும், வாய்ப்பேச்சுக்கு 50 மார்க்கும் வைத்தார்கள். எழுத்தில் முன்னே நின்றவர்கள் பேச்சில் பின்னே தள்ளப்பட்டார்கள். ஆளுக்கு இரண்டு மூன்று நிமிஷந்தான் பேசினார்கள், அதிலும் தகப்பனையும் ஊரையுமே விசாரித்தார்கள் என்று வழக்குத் தொடுத்தவர்கள் முறையிட்டார்கள். நேர்முகத்திற்கு நூற்றுக்கு 15-க்கு மேல் வைப்பது நியாயமாகாதென்றும், பேச்சை டேப்பில் பதிவு செய்வது நல்லதென்றும் 1980-ல் சுப்ரீம் கோர்ட்டார் சொன்னார்கள்.

நிற்க, இந்திய என்ஜினீயரிங் சர்வீஸ் பரீட்சையைப் பாருங்கள். மொத்தம் 1300 மார்க்கு. அதில் 1100 எழுத்துக்கு, 200 நேர்முகத்திற்கு. காலேஜுக்குச் சொன்ன 15-ஐயும் இது சற்றுத் தாண்டுகிறது!

"வேலையாட்களை நடத்தும் திறமை காகிதத்தில் தெரியாதே" என்பார்கள் தகுதிக்காரர்கள். நாற்காலியில் அரைமணி நேரம் உட்கார வைத்தால் தெரிந்துவிடுமோ? மூன்று தலைமுறையாக மேஜை நாற்காலியும் இங்கிலீஷும் புழங்கிய வீட்டுப் பிள்ளை அங்கே கூசாமல் பேசுவான். தாயோடு கலவைச் சட்டி தூக்கிப் படித்த சித்தாள் மகன் வியர்த்துத் திணறுவான். வேலையாட்களின் கஷ்டம் இவ்விருவரில் எவனுக்குத் தெரியும்? வீட்டுப் பழக்கத்திற்குத் திறமையென்று பெயர் வைத்து மார்க்குப் போடுவது எந்த ஊர் நியாயம்?

கீழ்நிலை உத்தியோகங்களுக்கு நேர்முகமே வேண்டாமென்று மத்திய சர்க்கார் 2016 ஜனவரி முதல் எடுத்துவிட்டார்கள். சிபாரிசும் லஞ்சமும் ஒழியவே இந்த ஏற்பாடு என்றார்கள். அப்படியானால் மேல் உத்தியோக அறைக்குள் மட்டும் சிபாரிசு நுழையாதோ? அங்கே கதவுக்குக் காவல் யார்?

நாம் கேட்பது கொஞ்சந்தான். கேள்விகள் தொழிலைப் பற்றியே இருக்கட்டும். எல்லோருக்கும் ஒரே தரத்தில் இருக்கட்டும். பேச்சு முழுவதையும் பதிவு செய்து, எந்தப் பதிலுக்கு எத்தனை மார்க்கு என்பதைத் தோற்றவனிடமும் காட்டட்டும். கேட்கிறவர்கள் வரிசையில் ஒடுக்கப்பட்ட ஜாதியாரும் பெண்களும் தவறாமல் உட்காரட்டும். இதனால் திறமை கெடுமென்பவர்கள் எப்படிக் கெடுமென்று எழுதியனுப்பினால் அப்படியே பிரசுரிக்கிறோம்.