கணக்குப் புத்தகத்தின் இரு பக்கங்கள்

சிறுவாணித் தண்ணீரின் சுவைக்கு ஈடில்லை என்று கோயம்புத்தூர்க்காரர்கள் சொல்வார்கள். அதற்குச் சான்று கேட்பது பண்பாகாது. அந்த நீர் பிறப்பதோ கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்து மலைகளில். தமிழகத்தின் செலவில் கட்டப்பட்ட அணை கேரள மண்ணில் நிற்கிறது. 1973-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி, 99 ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 1.3 டி.எம்.சி. நீர் கோவைக்கு உரியது.

இக்கணக்குக்கு மறுபக்கமும் உண்டு. பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகள் மழை குறைந்தவை. அங்குள்ள வயல்கள் தமிழகம் ஆழியாற்றில் திறந்துவிடும் நீரை எதிர்பார்த்திருப்பவை. பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீர் அளந்து கொடுக்கப்பட வேண்டும். கோவையின் குடிநீர் பாலக்காட்டிலிருந்து வருகிறது. சித்தூரின் பாசன நீர் தமிழகத்திலிருந்து போகிறது. எனினும் கோடை வந்துவிட்டால் இரு தரப்பும் தமக்கு வரவேண்டிய பாக்கியை மட்டுமே உரக்கப் படிக்கின்றன.

ஒப்பந்தத்தில் எழுதிய அளவுக்கு மழை பெய்தாக வேண்டும் என்பதில்லை. 2016-இல் இரு பருவமழைகளும் பொய்த்தன. அவ்வாண்டு அக்டோபரில் கேரளம் தன் 14 மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அறிவித்தது. 2017 ஜனவரியில் தமிழகமும் அவ்வாறே அறிவித்தது. சிறுவாணி அணை வறண்டது. கோவையில் குழாய் நீருக்காகக் காத்திருக்கும் நாள்கள் நீண்டன. பற்றாக்குறை ஆண்டுகளில் சிறுவாணி, ஆழியாறு ஆகிய இரண்டின் இருப்பையும் நாள்தோறும் ஒரே பட்டியலில் வெளியிட்டு, குறைவை இரு தரப்பும் விகிதப்படி ஏற்கும் ஏற்பாடு வேண்டும் என்பதே நம் கருத்து. யாருடைய உரிமையும் இதனால் பறிபோகாது. இடுக்கியின் முல்லைப் பெரியாற்றில் அணையின் நீர்மட்டமே பல்லாண்டு வழக்காகிவிட்டது. சிறுவாணிக்கும் அந்நிலை நேர வேண்டியதில்லை.

அண்டை மாநிலத்திடம் கேட்குமுன் நகரம் தன் வீட்டையும் பார்க்க வேண்டும். உக்கடம் பெரியகுளத்தின் கரையில் நடைபாதை அழகாகவே அமைந்திருக்கிறது. குளத்துக்குள் கழிவுநீர் கலக்காமல் தடுப்பது அதைவிட அவசரமான வேலை. மழைநீர் சேகரிப்பு தமிழகத்தில் 2003-இலேயே கட்டாயமாயிற்று. வீட்டுக்கடன் கேட்டு வருவோரின் கட்டட வரைபடத்தில் அதற்கான குழி தவறாமல் இருக்கும். கடன் அடைந்து பத்திரம் கைக்கு வரும்போது அக்குழி எங்கிருக்கிறது என்பது வீட்டாருக்கே மறந்திருக்கும். ஜூன் மாத மழைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத் திறந்து, மண்ணை அள்ளி, கூரைக் குழாய் அதனோடு இன்னும் இணைந்திருக்கிறதா என்று நாம் பார்த்துவிடலாம்.