150 ரூபாய் உறுதிமொழி



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியானதும் திருவண்ணாமலை ரமணாசிரமம் பகுதியிலுள்ள நம் வீடுகளிலும் கல்லூரிப் பேச்சே ஓங்கும். உள்ளூர் அரசு கலைக் கல்லூரியா, 1919-இல் தோன்றிய வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியா, மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம் கல்லூரியா என்று ஆராய்கிறோம். கட்டணம், விடுதி, வேலைவாய்ப்பு அனைத்தையும் விசாரிக்கும் நாம், அங்குள்ள ஆசிரியர்கள் எத்தனை ஆண்டுகளாக நிலைத்திருக்கிறார்கள் என்று மட்டும் கேட்பதில்லை. ஒரு கல்விக்கூடத்தின் தலைமை எத்தகையது என்பதை விளம்பரப் பலகையைவிட அந்த ஒரு விடையே தெளிவாக உரைத்துவிடும்.

இதற்கு ஜாமிஆ மில்லிய்யா இஸ்லாமிய்யாவின் வரலாறு நல்ல சான்று. 1920-இல் அலிகரில் தொடங்கி 1925-இல் டெல்லிக்கு இடம்பெயர்ந்த அந்நிறுவனத்தை அரசின் உதவியின்றி, பெரும்பாலும் தம் சொந்தப் பணத்தைக் கொண்டே தாங்கி வந்தவர் முதல் வேந்தர் ஹகீம் அஜ்மல் கான். 1927 இறுதியில் அவர் வஃபாத்தானபோது, ஜாமிஆவை மூடிவிடுவதே வழி எனத் தோன்றியது. ஜெர்மனியில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பி, 29 வயதில் துணைவேந்தர் பொறுப்பேற்றிருந்தார் ஜாகிர் ஹுசைன். அவர் தலைமையில் 11 ஆசிரியர்கள் 1928-இல் ஓர் உறுதிமொழி ஏற்றனர்: 20 ஆண்டுகள் ஜாமிஆவிலேயே பணியாற்றுவோம், மாத ஊதியமாக 150 ரூபாய்க்கு மேல் பெறமாட்டோம். அந்த வரம்பு துணைவேந்தருக்கும் பொருந்தியது. அவர் 1948 வரை அப்பொறுப்பில் நீடித்தார். பிற்காலத்தில் நாட்டின் குடியரசுத் தலைவரான அதே பெருந்தகைதான்.

மாணவர்களின் காலணிகளைத் துடைக்க அவரே தூரிகையுடன் வாயிலில் அமர்ந்தார் என்னும் நிகழ்ச்சி இன்றும் மேடைகளில் சொல்லப்படுகிறது. அதனினும் அந்த 150 ரூபாயே பெரிது என்பேன். காலணி துடைப்பது ஒரு நாள் செயல். ஊதிய வரம்போ ஒவ்வொரு மாதமும் வீட்டில் உணரப்படுவது. 1935-இல் ஓக்லாவில் பள்ளிக் கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டியவரும் பிரமுகர் அல்லர். ஜாமிஆவின் மிக இளைய மாணவர்.

அகழ்ப் போரின்போது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களோடு தாமும் மண் சுமந்ததை நம் பிள்ளைகள் மத்ரஸாவில் படிக்கிறார்கள். நம் பகுதிக்குப் பெயர் தந்த ஆசிரமத்திலும் ரமணர் விடியுமுன் சமையற்கூடத்தில் காய்கறி நறுக்கியதையும், பந்தியில் தமக்கெனத் தனிச் சிறப்பு எதையும் ஏற்காததையும் முதியோர் சொல்லக் கேட்கலாம். கொள்கை வேறு, ஆயினும் உடனுழைப்போர் மனம் எதனால் ஒட்டுகிறது என்பதில் வேறுபாடில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. ஜாமிஆவின் கதையைக் காட்டிச் சில நிர்வாகங்கள், நம் சமுதாயத்தாருடையவை உட்பட, இளம் விரிவுரையாளரிடம் 'இது தீனுக்கான சேவை' என்று கூறிக் குறைந்த ஊதியத்தில் அமர்த்துகின்றன. தாளாளரின் வாகனமோ, புதிய முகப்பு வளைவோ அந்தச் சேவைக் கணக்கில் வருவதில்லை. இதைத் தியாகம் என்று அழைப்பது தகாது. சுரண்டல் என்பதே சரியான சொல். அரசுக் கல்லூரிகளிலும் நிலை மெச்சத்தக்கதன்று. கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்திற்கு 50,000 ரூபாய் வரை என 2019-இல் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்ததைப் பெறவே அவர்கள் போராட வேண்டியிருக்கிறது.

தலைமையே இல்லாவிடில் நேர்வதையும் கண்டோம். 1857-இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தில், 2023 ஆகஸ்டில் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்தபின் ஆண்டுக்கணக்கில் அவ்விருக்கை வெறுமையாகக் கிடந்தது. ஆளுநருக்கும் அரசுக்கும் இடையிலான வழக்கில் யார் பக்கம் நியாயம் என்பது வேறு விவாதம். அதனிடையே 2024-இல் வருமான வரித்துறை வங்கிக் கணக்குகளை முடக்க, ஊதியம் தருவதே நெருக்கடியானது. எவரிடம் முறையிடுவது என்றறியாத ஊழியரிடம் ஈடுபாட்டை எப்படி எதிர்பார்ப்பது?

நம் ஊர்ப் பெரியவர்கள் சிலர் கல்லூரி நிர்வாகக் குழுக்களில் உறுப்பினர்களாக இருக்கிறார்கள். கட்டட நிதிக்கணக்கு வாசிக்கப்படும் அடுத்த ஆண்டுக் கூட்டத்தில், சென்ற ஆண்டு பணி விலகிய ஆசிரியர்கள் எத்தனை பேர், ஏன் விலகினர் என்பதையும் வாசிக்குமாறு அவர்கள் கேட்கலாம். சேர்க்கைக்குச் செல்லும் பெற்றோரும் இதையே கேட்கலாம்.