வால்வு சிவந்த கதை

கோவிந்தாபுரத்தில் நம் பிள்ளை வாங்கிவந்த பழைய கித்தார் ஆம்பிளிபயருக்குப் புதிய வால்வுகளைப் பொருத்தியதும், வேலை முடிந்ததென்றே எண்ணினோம். சில நிமிஷங்களில் வால்வினுள்ளிருக்கும் பிளேட் தணல்போற் சிவந்துவிட்டது. உடனே ஸ்விட்சை அணைத்தோம். பயாஸைச் சரிபாராமல் விட்டது நம் பிழையே.

கேத்தோடிலிருந்து பிளேட்டுக்குப் பாயும் மின்சாரத்தை இடையிலுள்ள கிரிட் அடக்கி ஆள்கிறது. அதற்கென அளிக்கும் எதிர் வோல்ட்டே பயாஸ். அது குறைந்தால் ஓட்டம் மிகும், பிளேட் சிவக்கும். மிகுந்தாலோ, மெல்ல வாசிக்கையில் நாதம் கரகரத்து மெலியும்.

ஒலியலை முழுவதும் ஓட்டம் இடையறாதிருந்தால் 'ஏ' வகுப்பு. பாதியலைக்கு மட்டும் பாய்ந்தால் 'பி'. இரண்டுக்கும் இடைப்பட்டது 'ஏபி'. பெரிய கித்தார்க் கருவிகள் பெரும்பாலும் இவ்வகையே. இங்கிலாந்தின் வாக்ஸ் ஏசி 30ஐப் பலர் 'ஏ' என்பர். கேத்தோடிலுள்ள ரெசிஸ்டரே அதில் பயாஸை அமைத்துக்கொள்வதால் வந்த மயக்கம் இது. முழு ஒலியில் அதுவும் 'ஏபி'தான்.

நம் கருவியிலோ பயாஸுக்குத் தனித் திருகு உண்டு. ஈ.எல். 34 வால்வின் பிளேட் 25 வாட் தாங்கும். வாசிக்காதிருக்கையில் அதில் 70 சதவீதம், அதாவது 17.5 வாட்டுக்கு மேற்போகாமல் வைப்பது வழக்கம். பிளேட்டில் 450 வோல்ட் இருப்பின், வால்வுக்கு ஏறக்குறைய 39 மில்லி ஆம்பியர்.

கணக்கு எழுதுவது நமக்குத் தொழில். திருகைத் தொடுவது அப்படியன்று. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் கண்டென்சர்களில் உயிர்கொல்லும் மின்சாரம் தங்கியிருக்கும். ஆதலால் வால்வு ரேடியோவில் கைதேர்ந்த மெக்கானிக் ஒருவரைத் தேடிப் பொள்ளாச்சிக்குப் பஸ் ஏறினோம்.