வாட்டைப் பார்க்காதீர்கள், மகசூலைப் பாருங்கள்

பிக்கப் வண்டி ஓட்டுகிறவருக்குப் பாட்டு எதற்கு, ரோட்டைப் பார்த்து ஓட்டட்டுமே என்று சொல்கிறவர்கள் எங்கள் தாம்பரத்திலும் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. ராத்திரி கோயம்பேட்டில் காய்கறி ஏற்றி, பைபாஸ் வழியாகப் பெருங்களத்தூரில் இறங்கி, விடிவதற்குள் சேலையூர், மாடம்பாக்கம், மேடவாக்கம் கடைகளில் சரக்கைப் போட்டுவிட்டு, பகலிலும் கிடைக்கிற வாடகைக்கு ஓடுகிற மனிதருக்கு வண்டிக்குள் துணை என்று இருப்பது ஒரு ரேடியோ. அது தெளிவாகக் கேட்க வேண்டும் என்று அவர் ஆசைப்படுவது ஆடம்பரம் இல்லை. அந்த ஆசையை வைத்து அவர் கையில் எதைத் தள்ளிவிடுகிறார்கள் என்பதில்தான் எனக்கு வருத்தம்.

டாடா ஏஸ் 2005-ல் வந்தது. குட்டி யானை என்று நம் ஜனங்கள் பெயர் வைத்தார்கள். ஓசூரில் தயாராகும் அசோக் லேலண்ட் தோஸ்த் 2011-ல் வந்தது. மகிந்திராவின் பொலேரோ பிக்கப்பும் சேர்ந்துகொண்டது. இந்த ஜாதி வண்டிகளில் கம்பெனியிலிருந்தே பாட்டுப் பெட்டியோடு வருபவற்றில்கூட ஸ்பீக்கர் என்பது பெரும்பாலும் ஒரு காகிதக் கூம்பும் சின்னக் காந்தமும்தான். மே மாத வெயிலில் பூட்டி நிறுத்திய கேபினில் கூம்பின் ஓரம் காய்ந்து விறைத்துப் போகும். ஐப்பசி மழையில் கண்ணாடியை ஒட்டி வழியும் தண்ணீர் கதவுக்குள் இறங்கி அதே காகிதத்தை நனைக்கும். இப்படி நாலு வெயிலும் நாலு மழையும் போனால் கரகரப்பு வந்துவிடும். மாற்ற வேண்டியதுதான். எதை வைத்து மாற்றுவது என்பதில்தான் தகராறு.

எங்கள் தெருவில் பிக்கப் வைத்திருக்கிற ஒரு தம்பி, போன வருஷம் ஒரு கடையில் சொன்னதைக் கேட்டு, அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் ‘1000 வாட்’ என்று போட்ட ஜோடி ஒன்றை வாங்கி மாட்டினார். மறுநாளே வந்து, “சார், பழசு கிழிஞ்சிருந்தாலும் இதைவிட நல்லா கேட்டுச்சு சார். இது என்னமோ கிணத்துக்குள்ள இருந்து பாடுற மாதிரி இருக்கு” என்றார். பெட்டியைக் கொண்டுவரச் சொன்னேன். சர்க்கார் ஆபீசில் காலம் தள்ளியவனுக்குப் பொடி எழுத்தை முதலில் படிக்கிற பழக்கம் போகாது. விஷயமெல்லாம் அந்தப் பொடி எழுத்தில்தான் இருந்தது.

முதலில் வாட் கணக்கைப் பார்த்துவிடலாம். வண்டி ஓடும்போது பேட்டரியில் கிடைப்பது சுமார் 14.4 வோல்ட். தனி ஆம்ப்ளிஃபையர் இல்லாத சாதாரண செட் அதற்கு மேல் ஸ்பீக்கருக்குக் கொடுக்க முடியாது. ஸ்பீக்கர் 4 ஓம். 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கி 8-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 26 வாட். ஒலி அலை சுத்தமாக, சிதையாமல் வர வேண்டுமானால் ஏட்டுக் கணக்குப்படி இதுதான் உச்சவரம்பு. உள்ளே ஆகும் சேதாரத்தைக் கழித்தால் கைக்கு வருவது 20 வாட் பக்கம். அப்படியானால் செட்டின் முகத்தில் ‘50 வாட் x 4’ என்று எழுதியிருக்கிறதே? அதே பெருக்குத் தொகையை 8-க்குப் பதில் 4-ஆல் வகுத்துப் பாருங்கள், 52 வரும். அலையின் தலையையும் காலையும் வெட்டிச் சதுரமாக்கினால் கிடைக்கிற சத்தம் அது. அதைப் பாட்டு என்று சொல்ல முடியாது.

ஆக, 20 வாட் கொடுக்கிற செட்டில் 1000 வாட் ஸ்பீக்கரை மாட்டுவதில் லாபம் இல்லை. 1000 என்பது அந்த ஸ்பீக்கர் ஏதோ ஒரு கண நேரம் எரியாமல் தாங்கும் என்று கம்பெனி சொல்கிற அளவு. அது எவ்வளவு சத்தம் போடும் என்பதற்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தம் இல்லை. தொடர்ந்து எவ்வளவு தாங்கும் என்பதை ஆர்.எம்.எஸ். என்ற எழுத்துக்குப் பக்கத்தில் தனியாகப் போட்டிருப்பார்கள். 20 வாட் செட்டுக்கு 30, 40 ஆர்.எம்.எஸ். தாராளம்.

பிறகு எதைப் பார்ப்பது? சென்சிடிவிட்டி என்று ஒரு வரி இருக்கும். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் எத்தனை டெசிபல் என்பது அதன் பொருள். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சுக்காரர்கள் ஸ்பீக்கரின் இந்தக் குணத்துக்கு ‘ராந்த்மான்’ என்ற சொல்லைப் போடுவார்கள். அதே சொல்தான் வயலில் ஏக்கருக்கு இத்தனை மூட்டை என்கிற விளைச்சலுக்கும். ‘உணர்திறன்’ என்று அகராதித் தமிழில் சொன்னால் யாருக்கும் பிடிபடாது. மகசூல் என்று சொன்னால் அந்தத் தம்பிக்குச் சட்டென்று பிடிபட்டது. வாட் என்பது போடுகிற உரம். டெசிபல் என்பது அறுக்கிற நெல். உர மூட்டையின் எடையைக் காட்டி நிலத்தை விற்பார்களா?

டெசிபல் கணக்கில் 3 கூடினால், பாதி வாட்டிலேயே அதே சத்தம் கிடைக்கும். 6 கூடினால் கால்வாசி வாட் போதும். 92 டெசிபல் ஸ்பீக்கர் 20 வாட்டில் தருவதை 86 டெசிபல் ஸ்பீக்கர் தருவதற்கு 80 வாட் வேண்டும். கம்பெனி செட்டிடம் அந்த 80 கிடையாது. அதிக வாட் தாங்குவதற்காகக் கனமான கூம்பும் தடித்த சுருளும் போட்ட ஸ்பீக்கர்களில் பலவற்றுக்கு மகசூல் குறைவு. கிணற்றுக்குள்ளிருந்து பாடிய கதை இதுதான். தம்பியின் பெட்டியில் 86 என்றுதான் இருந்தது.

இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சிலர் ‘1 வாட்’ என்பதற்குப் பதில் ‘2.83 வோல்ட்’ என்று போட்டிருப்பார்கள். 4 ஓம் ஸ்பீக்கரில் 2.83 வோல்ட் என்பது 2 வாட். அதனால் டெசிபல் 3 கூடித் தெரியும். ஒப்பிடும்போது அந்த 3-ஐக் கழித்துக்கொள்ள வேண்டும். கொட்டேஷன்களை ஒப்பிடும்போது வரி சேர்த்ததா சேர்க்காததா என்று பார்ப்போமே, அந்த மாதிரி.

மகசூலுக்குக் கண்ணெதிரே சாட்சி வேண்டுமானால், ஆடி மாதம் அம்மன் கோயிலில் மரத்தில் கட்டுகிற கூம்பு ஒலிபெருக்கியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு 20, 30 வாட் கொடுத்தாலே நாலு தெரு தாண்டிக் கேட்கிறது. கொடுத்த மின்சாரத்தை அந்த உருவம் வீணாக்காமல் சத்தமாக மாற்றுவதுதான் காரணம். இனிமை கிடையாது, அது வேறு விஷயம்.

அடுத்தது, ‘பேஸ்’ பைத்தியம். டீசல் என்ஜினின் இரைச்சலும் டயரின் உறுமலும் பெரும்பாலும் தாழ்ந்த சுருதியில் இருப்பவை. பாட்டின் கீழ்ச் சுருதியை அவை விழுங்கிவிடும். அந்த உறுமலோடு போட்டி போட எவ்வளவு வாட் கொட்டினாலும் காணாது. மனிதக் குரல் இருக்கிற நடுச் சுருதியில் தெளிவாக இருக்கிற ஸ்பீக்கர்தான் சரக்கு வண்டிக்கு உதவும். அது போலவே, 25,000 ஹெர்ட்ஸ் வரை பாடும் என்று பெருமை பேசுவதற்கும் காசு கொடுக்க வேண்டாம். எஃப்.எம். ஒலிபரப்பே 15,000 ஹெர்ட்ஸ் வரைதான். இந்தியாவில் முதல் எஃப்.எம். ஒலிபரப்பு 1977 ஜூலை 23 அன்று நம் சென்னையில்தான் தொடங்கியது. அன்றைக்கும் இன்றைக்கும் அந்த வரம்பில் மாற்றம் இல்லை.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், பணம் மட்டும் இல்லை, காது சம்பந்தப்பட்ட விஷயமும் கூட. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளில் ஓட்டுநர் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம் என்று மத்திய அரசு விதி செய்தது. நல்ல காரியம். ஆனால் அது மொத்த எடை 3.5 டன்னுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு. குட்டி யானையும் தோஸ்தும் அதில் வராது. ஆகவே இந்தத் தம்பிகள் கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் ஓட்டுவார்கள். காற்று இரைச்சல், ஜி.எஸ்.டி. ரோட்டின் ஹாரன், எல்லாவற்றுக்கும் மேலே பாட்டு கேட்க வேண்டும். மகசூல் குறைந்த ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு வால்யூமைக் கடைசி வரை திருகினால் வருவது சிதைந்த ஓசை. அந்த வெட்டுண்ட அலை ஸ்பீக்கர் சுருளைச் சூடாக்கி எரிக்கும், ஓட்டுகிறவருக்கும் சீக்கிரம் தலைவலி கொடுக்கும். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான நியோஷ், 85 டெசிபல் இரைச்சலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் இருக்கலாம் என்கிறது. 88 என்றால் 4 மணி நேரம், 91 என்றால் 2 மணி நேரம். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஓட்டுகிறவருக்கு இந்தக் கணக்கு ரொம்ப முக்கியம். தெளிவான ஸ்பீக்கரைக் குறைந்த வால்யூமில் கேட்கலாம். பின்னால் வருகிற ஆம்புலன்சும் காதில் விழும்.

வாங்கப் போகிறவர்களுக்கு, நான் தம்பிக்கு எழுதிக் கொடுத்த குறிப்பை இங்கேயும் போடுகிறேன்.

1. டோர் பேடைக் கழற்றிப் பழைய ஸ்பீக்கரின் விட்டத்தையும் ஆழத்தையும் அளந்து எழுதிக்கொள்ளவும். கண்ணாடியை முழுக்க இறக்கி, அது எதுவரை வருகிறது என்று பார்க்கவும். காந்தம் பெரிதாக இருந்தால் கண்ணாடி இடிக்கும். கதவுத் தகரத்தை வெட்ட வேண்டாம்.

2. பழைய ஸ்பீக்கரின் ஓம் எத்தனை என்று பின்னால் பார்க்கவும். அழிந்திருந்தால் மல்டிமீட்டரில் பார்க்கலாம். 4 ஓம் ஸ்பீக்கர் 3-க்கு மேல், 4-க்குள் காட்டும். 4 ஓம் இருந்த இடத்தில் 2 ஓம் போட்டால் செட் சூடாகும்.

3. சென்சிடிவிட்டி 90-க்குக் குறையாமல் இருக்கட்டும்.

4. ஒரே சட்டத்தில் ட்வீட்டரும் சேர்ந்த கோஆக்சியல் வகை போதும். காகிதத்துக்குப் பதில் பாலிப்ரோப்பிலீன் கூம்பு, ரப்பர் ஓரம் என்றால் மழைக்குத் தாங்கும்.

5. ஒயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றுவதைத் தவிர்க்கவும். அந்த வண்டிக்குப் பொருந்தும் கப்ளர் வாங்கிச் செருகவும். வாரண்டி இருக்கிற வண்டியில் ஒயரை வெட்டினால் நாளைக்கு அதையே சாக்காகச் சொல்வார்கள்.

6. பிளஸ், மைனஸ் இரண்டு கதவிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரு சாதாரண 1.5 வோல்ட் பேட்டரியைத் தொட்டால் கூம்பு வெளியே தள்ளும். அப்போது பேட்டரியின் பிளஸ் தொட்ட முனைதான் ஸ்பீக்கரின் பிளஸ். ஒரு பக்கம் மாறிப்போனால் கீழ்ச் சுருதி ஒன்றையொன்று அடித்துவிடும். அப்புறம் ஸ்பீக்கரைக் குறை சொல்லிப் பயனில்லை.

7. மிச்சப் பணத்தைக் கதவில் போடவும். ஸ்பீக்கரின் முன்பக்க ஓசையும் பின்பக்க ஓசையும் கதவின் ஓட்டைகள் வழியாகக் கலந்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். உள்தகரத்தின் பெரிய ஓட்டைகளை டேம்பிங் ஷீட்டால் மூடி, ஸ்பீக்கர் உட்காரும் இடத்தைச் சுற்றி ஃபோம் ஒட்டினால் பழைய ஸ்பீக்கர்கூடப் புதிது போலப் பாடும். கதவின் அடியில் தண்ணீர் வடியும் ஓட்டைகளை மட்டும் மூடக்கூடாது. மூடினால் துரு பிடிக்கும். இடைவளையம் வேண்டுமானால் பிளாஸ்டிக்கில் வாங்கவும். மர வளையம் ஈரத்தில் உப்பும்.

எங்கே வாங்குவது என்று கேட்பீர்கள். கார் அலங்காரக் கடைகளுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, எலெக்ட்ரானிக்ஸுக்கு ரிச்சி தெரு. தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் போய்விட்டு அரை நாளில் திரும்பலாம். நம் பக்கத்துக் கடைகளிலேயே வாங்கினாலும் தப்பில்லை. எங்கே போனாலும் அளவுச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ‘சென்சிடிவிட்டி எத்தனை?’ என்ற கேள்வியோடு ஆரம்பியுங்கள். கடைக்காரர் பெட்டியைத் திருப்பிப் பார்த்துப் பதில் சொன்னால் மேலே பேசலாம். ‘அதெல்லாம் எதுக்கு சார், அதிரும்’ என்றால் அடுத்த கடை.

ஒரு ஆம்ப்ளிஃபையர் வாங்கிவிட்டால் மகசூல் பிரச்சினையே இல்லையே என்று ஒரு நண்பர் வாதாடினார். உண்மைதான். சொந்தக் காரில் வார விடுமுறைக்குப் போகிறவர் அப்படிச் செய்யட்டும். ஆனால் ஆம்ப்ளிஃபையர் என்றால் பேட்டரியிலிருந்து தனி ஒயர், தனி ஃப்யூஸ், அதை வைக்க இடம், ஒழுங்காக ஒயரிங் செய்யத் தெரிந்த ஆள். ஒற்றைக் கேபின் பிக்கப்பில் சீட்டுக்குப் பின்னால் ஜாக்கியும் தார்ப்பாயும் வைக்கவே இடம் போதாது. மாதம் பிறந்தால் தவணை கட்டுகிறவர், 6 டெசிபல் கூடுதல் மகசூல் உள்ள ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்தால் அந்த ஆம்ப்ளிஃபையரின் வேலையில் பெரும்பகுதி செலவில்லாமல் முடிந்துவிடும்.

பெட்டியின் மேல் பெரிய எழுத்து விற்கிறவருக்காக அச்சடித்தது. வாங்குகிறவருக்கு உரியது பக்கவாட்டில் பொடி எழுத்தில் இருக்கிறது. கண்ணாடி போடாத வயதுள்ள தம்பிகள்தான் வண்டி ஓட்டுகிறார்கள். அதைக் கொஞ்சம் படித்துவிட்டுக் காசை எடுக்கட்டும்.