அடுத்த வீட்டு அலமாரி

உங்கள் வீட்டு வரவேற்பறையில் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி ஒன்று இருக்கும். மேல்தட்டில் பிள்ளைகளின் பட்டமளிப்பு விழாப் படம், பள்ளி விளையாட்டுப் போட்டியில் வாங்கிய கோப்பை. கீழே ஒரு மூலையில் நாலைந்து தமிழ்ப் புத்தகங்கள். அதில் ஒன்றை எடுத்து முதல் பக்கத்தைத் திறந்து பாருங்கள். 'அன்புடன்' என்று எழுதி எழுத்தாளரின் கையெழுத்து இருக்கும். அதற்குப் பிறகு வரும் பக்கங்கள் அச்சகத்திலிருந்து வந்தபடியே மொடமொடப்பாக இருந்தால் வெட்கப்பட வேண்டாம். பல வீடுகளில் அப்படித்தான்.

அந்தப் புத்தகம் வீட்டுக்கு வந்த கதை நம் எல்லாருக்கும் தெரியும். ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை நூல் வெளியீடு. குத்துவிளக்கு, தமிழ் வாழ்த்து, வாழ்த்துரை, அதற்குப் பின் இன்னொரு வாழ்த்துரை. பெயர் கூப்பிட்டதும் மேடையேறி, உறையில் வைத்த பணத்தைக் கொடுத்து, புத்தகத்தை வாங்கி, படம் எடுத்துக்கொண்டு, மீகூன் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பினோம். கல்யாணத்துக்கு மொய் வைப்பதுபோல எழுத்துக்கும் ஒரு மொய்.

இந்தப் பழக்கத்தை நான் கேலி செய்ய மாட்டேன். அந்த உறைகள் இல்லாவிட்டால் நம் நாட்டுத் தமிழ் நூல்கள் பல அச்சேறியே இருக்காது. எழுத்தாளர் பெரும்பாலும் தன் கைக்காசைப் போட்டுச் சில நூறு பிரதிகள் அச்சடிக்கிறார். வெளியீட்டில் போனது போக மிச்சம் அவர் வீட்டிலேயே பெட்டி பெட்டியாக இருக்கும். புத்தகக் கடையில் தேடினால் கிடைப்பது அரிது. அப்படியென்றால் மலேசியத் தமிழ் இலக்கியம் எங்கே இருக்கிறது? நம் அலமாரிகளில் இருக்கிறது. உங்கள் வீட்டில் ஒன்று, பக்கத்து வீட்டில் ஒன்று, மேல்மாடியில் இன்னொன்று எனச் சிதறிக் கிடக்கிறது.

ஆபத்தும் அங்கேதான். வீட்டுப் பெரியவர் காலமாகிறார், அல்லது குடும்பம் சின்ன கொண்டோவுக்கு மாறுகிறது. முதலில் வெளியே போவது புத்தகம். பழைய பேப்பர் லோரிக்காரர் எடை பார்த்து எடுத்துப் போகிறார். சில நூறு பிரதிகள் மட்டுமே உள்ள ஒரு நூலுக்கு ஒவ்வொரு லோரியும் ஒரு இழப்பு.

முன்பு புத்தகங்கள் இப்படி ஒரே வீட்டில் அடைந்து கிடக்கவில்லை. தோட்டத்து லயங்களில் ஒரே நாளிதழை எழுத்தறிந்த ஒருவர் சத்தமாகப் படிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். கப்பலில் வந்த கல்கியும் ஆனந்த விகடனும் குமுதமும் வீடு வீடாகச் சுற்றும். தொடர்கதைப் பக்கங்களை வாரா வாரம் கிழித்துச் சேர்த்து, ஊசிநூலால் தைத்து, அட்டை போட்டுப் புத்தகமாக்கி வைத்திருந்த வீடுகள் உண்டு. 1950 முதல் 1954 வரை கல்கியில் வந்த பொன்னியின் செல்வனைப் பல குடும்பங்கள் அப்படித்தான் சேர்த்து வைத்துப் படித்தன.

ஜார்ஜ்டவுனுக்கு இதில் பழைய உரிமையும் உண்டு. 1817இல் சந்தா உறுப்பினர்களுக்காகப் பினாங்கு நூலகம் தொடங்கியது. ஆனால் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரும் பினாங்கு சாலைக் கடைச் சிப்பந்தியும் அங்கே போய் உட்கார்ந்து படித்திருப்பார்களா? தமிழர்கள் தங்கள் வாசிப்புக்குத் தாங்களே வழி தேடினார்கள். 1880களிலேயே நாகூர் குலாம் காதிறு நாவலர் இந்த ஊரில் வித்தியா விசாரிணி இதழை நடத்தினார். அடுத்த நூற்றாண்டில், 1950களில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி இயக்கம் நடத்தினார். அங்கே ஒரு தமிழ் நூலகம் அமைய 'தமிழ் எங்கள் உயிர்' நிதிக்குத் தலைக்கு ஒரு வெள்ளி கேட்டார். பல்கலைக்கழக வாசலையே மிதித்திராத பால்மரத் தொழிலாளிகள் கொடுத்தார்கள். தான் படிக்கப்போகாத புத்தகத்துக்காகவும் ஒரு வெள்ளி கொடுத்த மக்கள் நாம்.

பிறகு என்ன நடந்தது? தொலைக்காட்சி, கைப்பேசி என்று சுலபமாகப் பழி போட்டுவிடலாம். நம் ஊரில் இன்னொரு காரணமும் இருக்கிறது. 1948க்கு முன் கட்டிய கடைவீடுகளுக்கு வாடகை ஏறாமல் காத்து வந்தது வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். 1997இல் அதை நீக்கினார்கள். 2000 ஜனவரியிலிருந்து கட்டுப்பாடு முற்றாகப் போனது. தலைமுறை தலைமுறையாக ஒரே தெருவில் இருந்த குடும்பங்கள் வாடகை தாங்காமல் ஆயர் ஈத்தாமுக்கும் ஜெலுத்தோங்குக்கும் பாலம் தாண்டி அக்கரைக்கும் போயின. 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் நகரம் இடம்பெற்றது. கட்டடங்கள் பிழைத்துக்கொண்டன. ஆனால் ஐந்தடி நடைபாதையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "இத படிச்சிட்டியா, எனக்குக் கொடு" என்று கேட்ட அண்டை வீட்டார் கலைந்து போனார்கள். புத்தகம் கைமாறக் காசு தேவையில்லை. தெரிந்த முகம் தேவை.

அந்த முகங்களைப் புது இடத்திலும் தேடிக்கொள்ளலாம். எங்கள் அடுக்குமாடியில் மாதத்தின் முதல் சனிக்கிழமை மாலை, கீழ்த்தளத்துச் சிமெண்டு மேசையில் சிலர் கூடுகிறோம். பத்துப் பன்னிரண்டு பேர். மழை பெய்தால் ஆறு பேர். சங்கம் இல்லை, தலைவர் இல்லை, பொன்னாடை இல்லை. இருப்பது ஒரே ஒரு விதி. கொண்டுவரும் புத்தகத்தைப் பற்றி "நல்லா இருக்கு" என்று மட்டும் சொல்லி உட்காரக் கூடாது. "இது இங்கே யாருக்கு?" என்று சொல்ல வேண்டும்.

ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் இந்த விதியைக் கொண்டுவந்தார். முதலில் அதை நடத்திக் காட்டியதும் அவர்தான். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் பொறியாளராக இருக்கும் இளைஞர் ஒருவர், அம்மாவைக் கூட்டிப் போக வந்து ஓரமாக நின்றுகொண்டிருந்தார். டீச்சர் அவரிடம் ஆர். சண்முகம் எழுதிய 'சயாம் மரண இரயில்' நாவலை நீட்டினார்.

"தம்பி, உங்க தாத்தா சயாமுக்குப் போய்த் தப்பி வந்தவர்னு உங்கம்மா ஒரு தடவ சொன்னாங்க. அதப் பத்தி அவர் வாயே திறக்கமாட்டாராமே. இத படிச்சுப் பாருங்க."

"டீச்சர், நான் எழுத்துக் கூட்டித்தான் தமிழ் படிப்பேன்."

"கூட்டியே படிங்க. ஒரு நாளைக்கு நாலு பக்கம். என்ன அவசரம்?"

1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர்கள் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் இரயில் பாதை போட்டார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களை அதற்குக் கொண்டு போனார்கள். எத்தனையோ பேர் திரும்பவில்லை. போர்க் கைதிகளான வெள்ளையர்களின் கதை திரைப்படமாக உலகம் சுற்றியது. நம்மவர்களின் கதை இப்படிச் சில தமிழ் நூல்களில் இருக்கிறது. அந்த இளைஞர் இரண்டு மாதம் கழித்துப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார். நீளமாக எதுவும் பேசவில்லை. "தாத்தா ஏன் தட்டுல ஒரு பருக்கை மிச்சம் வைக்க விடமாட்டாருன்னு இப்பத்தான் புரியுது" என்றார். அவர் அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எந்தச் செயலியும் அந்தப் புத்தகத்தை அந்த இளைஞர் கையில் வைத்திருக்காது. அவர் முன்பு என்ன வாங்கினார் என்பது செயலிக்குத் தெரியும். அவர் தாத்தா எங்கே போய் வந்தார் என்பது மூன்றாம் மாடி டீச்சருக்குத்தான் தெரியும்.

வானொலியில் விருப்பப் பாடல் கேட்டு அழைக்கும் நேயர்களிடம் இதையே தினமும் பார்க்கிறேன். பாட்டின் பெயரைச் சட்டென்று சொல்லிவிடுவார்கள். யாருக்காக என்று சொல்லத்தான் நேரம் எடுத்துக்கொள்வார்கள். "பிறை மருத்துவமனையில இரவு வேலை பார்க்கிற என் தங்கச்சிக்கு" என்று சொல்லும்போது அந்தப் பழைய பாட்டு புதிதாகிவிடுகிறது. புத்தகத்துக்கும் அது பொருந்தும்.

கொடுப்பதைப் போலவே கொடுக்காமல் வைத்திருப்பதும் அண்டை வீட்டாருக்குத் தெரியும். நம் பினாங்கின் ரெ. கார்த்திகேசுவை எடுத்துக்கொள்ளுங்கள். வானொலி, தொலைக்காட்சியில் பணிபுரிந்து, பிறகு அறிவியல் பல்கலைக்கழகத்தில் தொடர்புத் துறைப் பேராசிரியராக இருந்தவர். 2016இல் மறைந்தார். புற்றுநோய் கண்ட ஒரு முதியவரை மையமாக வைத்து அவர் எழுதிய நாவல் 'அந்திம காலம்'. அதை எங்கள் கூட்டத்துக்குக் கொண்டுவந்தவர் ஒரு தாதி. அம்மாவை அண்மையில்தான் பறிகொடுத்திருந்த ஒருவர் கை நீட்டினார். "அண்ணே, உங்களுக்குத்தான் இது. ஆனா இப்ப வேணாம். தீபாவளி போகட்டும், நானே கொண்டாந்து தர்றேன்" என்றார் தாதி. அப்படியே செய்தார்.

அண்டை வீட்டார் தமிழராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. எதிர்வீட்டுச் சீன ஆண்டி ஆங்கிலத்தில் டான் துவான் எங் எழுதிய 'தி கிஃப்ட் ஆஃப் ரெய்ன்' நாவலைக் கொடுத்தார். போர்க்காலப் பினாங்கின் கதை. பதிலுக்கு நாங்கள் கெடா மாநிலத் தமிழரான கே. எஸ். மணியம் ஆங்கிலத்தில் எழுதிய 'தி ரிட்டர்ன்' கொடுத்தோம். இருபது வருடம் மின்தூக்கியில் "சாப்டாச்சா" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தவர்கள், இப்போது அவரவர் தாத்தா இந்த நாட்டுக்கு வந்த கதையைப் பேசுகிறோம்.

சின்ன விஷயம்தானே என்று தோன்றலாம். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தின் ஹட்சன் ஊரில் டாட் போல் என்பவர் 2009இல் தன் வீட்டு வாசலில் ஒரு சின்னப் பெட்டியை நட்டு, யாரும் எடுக்கலாம், யாரும் வைக்கலாம் என்று புத்தகங்களை அடுக்கினார். இன்று அதுபோன்ற பெட்டிகள் உலகெங்கும் ஒரு லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. நமக்கு அதைவிட நெருக்கமான கதை யாழ்ப்பாணத்தில் உண்டு. கே. எம். செல்லப்பா 1933இல் தன் வீட்டிலேயே புத்தகங்களைச் சேர்த்து மற்றவர்களுக்குப் படிக்கக் கொடுத்தார். மறு ஆண்டு ஆகஸ்டில் ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறைக்கு அது 844 நூல்களோடு இடம் மாறியது. அதுதான் யாழ்ப்பாணப் பொது நூலகமாக வளர்ந்தது. 1981இல் எரிக்கப்பட்டபோது அங்கே ஏறத்தாழ 97,000 நூல்கள் இருந்தன. ஒரு வீட்டில் தொடங்கியது எவ்வளவு பெரிதாகும் என்பதற்கும், எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் அதுவே சாட்சி.

உங்கள் தாமானில் தொடங்க நினைத்தால் எங்கள் அனுபவத்திலிருந்து சில யோசனைகள். புலனக் குழு அமைத்தால் அதில் காலை வணக்கப் படங்கள் வேண்டாம், புத்தகத்தின் அட்டைப்படமும் இரண்டு வரியும் போதும். "கொடுத்த புத்தகம் திரும்பாது" என்று தயங்குவோர் முதல் பக்கத்தில் பெயரும் வீட்டு எண்ணும் எழுதிவிடுங்கள், ஒரு நோட்டில் யார் எடுத்தார் என்று குறித்து வையுங்கள். தமிழ் படிக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்கு நாவலைக் கொடுத்துப் பயமுறுத்தாமல் ஒரு சிறுகதையைச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். கண் பார்வை மங்கிய தாத்தா பாட்டி அதே மேசையில் உட்கார்ந்து கேட்கட்டும். பாதியில் நிறுத்தியவரைக் கேள்வி கேட்காதீர்கள். முக்கியமாக, வெளியீட்டு விழாவில் வாங்கி வந்ததைக் கொண்டு வாருங்கள். உங்களுக்குப் பிடிக்காததை மேல்மாடியில் ஒருவர் பல வருடமாகத் தேடிக்கொண்டிருக்கலாம். படித்து முடித்ததும் எழுத்தாளருக்கு ஒரு வரி அனுப்புங்கள். அவர்கள் பெரும்பாலும் நம் ஊரிலோ அக்கரையிலோ கெடாவிலோதான் இருக்கிறார்கள். பொன்னாடை பல வாங்கியிருப்பார்கள். "எண்பதாம் பக்கத்தில் அழுதுவிட்டேன்" என்று ஒருவர் சொல்லிக் கேட்டிருப்பார்களா தெரியாது.

இந்த வாரக் கடைசியில் அலமாரியைத் திறந்து ஒரே ஒரு புத்தகத்தை எடுங்கள். முதலில் நீங்கள் படியுங்கள். படிக்கும்போதே பக்கத்து வீட்டில், மேல்மாடியில், எதிர்வரிசையில் யார் முகம் நினைவுக்கு வருகிறது என்று பாருங்கள். புத்தகத்தோடு போய் அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.